நாட்டு நடப்பும் நம் நோட்டும்: மாணவர் கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரி வட்டார மாணவர்கள் அனுப்பிய கேள்விகளில் நாட்குறிப்பு, செய்தி, மழை பற்றி வந்தவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

பிளஸ் ஒன் படிக்கிறேன். தினமும் ராத்திரி, அன்றைக்குப் படித்த செய்தியையும் வீட்டில், பள்ளியில் நடந்ததையும் ஒரு பக்கம் எழுதுகிறேன். திருப்பிப் பார்த்தால் எல்லா நாளும் ஒன்றுபோலவே இருக்கிறது. 'மனசு கஷ்டமாக இருந்தது', 'இதெல்லாம் எப்போது மாறுமோ' என்றே முடிகிறது. எப்படி எழுதினால் உருப்படியாக இருக்கும்?
மாணவி, தேவனாம்பட்டினம்

மனதில் பட்டதை எழுதுகிறீர்கள், அது எதைப் பார்த்து வந்தது என்பதை விட்டுவிடுகிறீர்கள். அதனால்தான் சில மாதம் கழித்துப் படிக்கும்போது ஒரு நாளை இன்னொரு நாளிலிருந்து பிரிக்க முடியவில்லை. ஒவ்வொரு பதிவையும் மூன்று பகுதியாக எழுதுங்கள். முதலில் நீங்கள் நேரில் பார்த்தது. அடுத்து, படித்தது அல்லது பிறர் சொன்னது. கடைசியில் நீங்கள் நினைப்பது. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு வரி இடம் விடுங்கள். மேலே தேதி, நேரம், இடம் மூன்றும் கட்டாயம்.

'மீன் விலை ஏறிவிட்டது, ஏழைகள் பாவம்' என்று எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதையே இப்படி எழுதலாம். பார்த்தது: எந்த மார்க்கெட், காலை எத்தனை மணி, வஞ்சிரமும் சங்கராவும் நெத்திலியும் கிலோ என்ன விலை, போன வாரம் என்ன விலை. படித்தது: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நினைப்பது: வஞ்சிரம் ஏறிய அளவுக்கு நெத்திலி ஏறவில்லையே, ஏன்? இந்த நாளில் கிடைக்கும் கூடுதல் விலை, தடை இல்லாத ஃபைபர் படகுக்காரர் கைக்குப் போகிறதா, வியாபாரி கைக்குப் போகிறதா? இப்போது உங்கள் கையில் ஒரு கேள்வி இருக்கிறது. மறுநாள் காலை கரையிலேயே ஒருவரிடம் கேட்டுவிடலாம். அந்தப் பதிலை எழுதும்போது, 'பாவம்' என்று எழுதிய அதே அக்கறை விவரத்தோடு நிற்கும்.

இந்த மாதிரி எழுதிக் காட்டியவர் நம் பக்கத்திலேயே இருந்திருக்கிறார். புதுச்சேரியில் டியூப்ளே பிரெஞ்சு ஆளுநராக இருந்தபோது துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராகவும் இடையாளாகவும்) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 செப்டம்பர் 6-ஆம் தேதி தொடங்கி 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். காதால் கேட்டது, கண்ணால் பார்த்தது, கப்பல் வந்து போனது என்று எதை எழுதப்போகிறார் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். கேட்டதையும் பார்த்ததையும் வேறு வேறாக எண்ணும் அந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் வாழ்ந்த வீடு ரங்கப்பிள்ளை வீதியில் இன்றும் இருக்கிறது, புதுச்சேரி போகும்போது பாருங்கள்.

நோட்டு விஷயத்தில் சில நடைமுறைகள். ஜெல் பேனா வேண்டாம், பல ஜெல் மைகளும் ஃபவுண்டன் பேனா மைகளும் தண்ணீர் பட்டால் பரவிவிடும். எண்ணெய் கலந்த மை என்பதால் பால்பாயிண்ட் எழுத்து நனைந்தாலும் நிற்கும். வீட்டுக்குள் வெள்ளம் வரும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் நோட்டை ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டு அலமாரியின் மேல் தட்டில் வையுங்கள். செய்தித்தாளை வெட்டி ஒட்டுவதாக இருந்தால், கத்தரிக்கோலை எடுக்கும் முன் பத்திரிகையின் பெயர், தேதி, பதிப்பு, பக்க எண் நான்கையும் நோட்டில் எழுதிவிடுங்கள். வெட்டிய பிறகு இவற்றைத் தேட முடியாது, தேதி தெரியாத வெட்டுத்துண்டை எதற்கும் ஆதாரமாகக் காட்டவும் முடியாது. செலோடேப் சில வருடத்தில் மஞ்சளாகி உரிந்துவிடும். மைதாப் பசைக்குக் கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் வரும். செய்தியின் சாரத்தை நான்கு வரியில் உங்கள் கையால் எழுதிவைப்பதே நீடிக்கும்.

வீடு ரெட்டிச்சாவடியில், பள்ளி புதுச்சேரியில். மழைக் காலத்தில் 'நாளை லீவு' என்று வாட்ஸ்அப்பில் வந்தால் எதை நம்புவது?
பத்தாம் வகுப்பு மாணவன்

உங்கள் வீடு கடலூர் மாவட்டம். விடுமுறையை அறிவிப்பவர் மாவட்ட ஆட்சியர். உங்கள் பள்ளி புதுச்சேரியில், அங்கே அறிவிப்பது புதுச்சேரி அரசு. இரண்டும் தனித்தனி முடிவு. பாகூர், கிருமாம்பாக்கம் பக்கம் லீவு விட்டால் ரெட்டிச்சாவடிக்கும் லீவு என்று ஆகாது. உங்களுக்குப் பள்ளி இருக்கும் பக்கத்து அறிவிப்புதான் கணக்கு. ஆனால் வீட்டுப் பக்கம் சாலையில் தண்ணீர் போகிறது என்றால், லீவு இல்லாவிட்டாலும் பெற்றோர் வகுப்பாசிரியருக்குப் போன் செய்து சொல்லிவிட்டு உங்களை நிறுத்திக்கொள்வதுதான் சரி.

வந்த செய்தியில் முதலில் தேதியைத் தேடுங்கள். 'நாளை' என்று மட்டும் இருந்தால் அது எந்த வருடத்து நாளையாகவும் இருக்கலாம். போலியாகச் சுற்றுபவை பலவும் பழைய டிவி செய்திப் பட அட்டைகள்தான். அட்டையில் ஆட்சியர் பெயர் இருந்தால் இப்போது பதவியில் இருப்பவர்தானா என்று பாருங்கள், மாறியவர் பெயராக இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது ஐந்து முறையோ அதற்கு மேலோ கைமாறி வந்தது என்று பொருள். அது பொய் என்பதற்கு அத்தாட்சி ஆகாது, அனுப்பியவருக்கும் மூலம் தெரியாது என்பதற்கு அடையாளம். பிறகு ஆட்சியரின் அதிகாரபூர்வப் பக்கத்தையோ மக்கள் தொடர்பு அலுவலகச் செய்திக் குறிப்பையோ பாருங்கள்.

படமாக இருந்தால் கூகுள் லென்ஸில் போட்டுத் தேடுங்கள். அதில் பலர் தவறுவது ஒரு இடத்தில்: முதலில் வரும் முடிவைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். கீழே இறங்கி, அதே படம் வெளியான மிகப் பழைய தேதியைத் தேடவேண்டும். இன்று எடுத்ததாகச் சொல்லப்படும் வெள்ளப் படம் 2015-லேயே வெளியாகியிருந்தால் வேறு விசாரணையே தேவையில்லை.

துறைமுகத்தில் 5-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியபோது பயப்படாத எங்கள் தெரு, 7 என்றதும் பதறிவிட்டது. 5-ஐவிட 7 எவ்வளவு பலமான புயல்?
கல்லூரி மாணவி, கடலூர் முதுநகர்

5, 6, 7 மூன்றும் ஒரே அளவு அபாயத்தைச் சொல்பவை. புயல் எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதே அவற்றுக்குள் வித்தியாசம். எண்களை மார்க் மாதிரி வரிசையாகப் படிப்பதால் வரும் குழப்பம் இது. ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வருகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

1-ம் 2-ம் தூரத்து எச்சரிக்கை: கடலில் எங்கோ தாழ்வு மண்டலம் அல்லது புயல் உருவாகியிருக்கிறது. 3-ம் 4-ம் உள்ளூர் எச்சரிக்கை: 3 என்றால் துறைமுகத்தில் பலத்த காற்று வீசலாம், 4 என்றால் புயல் பின்னர் இந்தத் துறைமுகத்தைத் தாக்கக்கூடும். 5, 6, 7 அபாயம். 8, 9, 10 பெரும் அபாயம், அதாவது தீவிரப் புயல். 11 ஏற்றினால் வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள்.

5 என்றால் புயல் போகும் பாதைக்கு இடது பக்கம் நம் துறைமுகம் இருக்கும். 6 என்றால் வலது பக்கம். 7 என்றால் துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடக்கும். 8, 9, 10-க்கும் இதே வரிசை. நம் கரைக்கு வரும் புயல்கள் பெரும்பாலும் மேற்கு நோக்கி நகர்பவை. மேற்கே முகம் வைத்து நின்றால் இடது கை தெற்கு, வலது கை வடக்கு. ஆகவே 5 அல்லது 8 ஏற்றியிருந்தால் புயல் நமக்கு வடக்கே கடக்கும். 6 அல்லது 9 என்றால் தெற்கே கடக்கும், நாம் அதன் வடக்குப் பக்கத்தில் இருப்போம். புயல் காற்று நம் பகுதியில் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்வதால், வடக்குப் பக்கத்தில்தான் காற்று கடலிலிருந்து கரைக்கு வீசி, கடல்நீரை ஊருக்குள் தள்ளும். தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு மாதிரிக் கரையோரக் குப்பங்கள் 6, 9 எண்களை அதிகம் கவனிக்கவேண்டும்.

காற்றின் திசையை நோட்டில் மணிக்கு ஒருமுறை குறித்துவந்தால், மின்சாரமும் சிக்னலும் போன பிறகும் புயல் எங்கே இருக்கிறது என்று ஓரளவு சொல்லலாம். வடக்குக் காற்று மேற்காகி, பிறகு தெற்காக மாறினால் புயல் நமக்கு வடக்கே கடந்திருக்கிறது. வடக்குக் காற்று கிழக்காகி, தெற்காக மாறினால் தெற்கே கடந்திருக்கிறது. பலமாக வீசிய காற்று சட்டென்று அடங்கிவிட்டால் புயலின் கண் எனப்படும் நடுப்பகுதி நம் மேல் இருக்கலாம். அப்போது வெளியே போகவே கூடாது, சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும். 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்ததை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். காற்று எப்போது, எந்தப் பக்கம் திரும்பியது என்று சொல்லக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை இப்போதே எழுதிவையுங்கள்.

திசை பார்க்க மொட்டை மாடிக்கு ஏறவேண்டாம். ஜன்னல் கம்பியில் ஒரு துணி நாடாவைக் கட்டி உள்ளிருந்தே பார்த்தால் போதும்.

செய்தியில் சொல்லும் மழை அளவுக்கும் எங்கள் தெருவில் பெய்ததற்கும் சம்பந்தமே இல்லை. நானே அளக்க முடியுமா?
ஒன்பதாம் வகுப்பு மாணவன், லாஸ்பேட்டை

முடியும். நேரான பக்கங்கள் உள்ள 2 லிட்டர் குளிர்பான பாட்டில் ஒன்று போதும். மேல் பகுதி சரியத் தொடங்கும் இடத்துக்குக் கீழே வட்டமாக வெட்டி, மூடியைக் கழற்றிவிட்டு, அந்த மேல் துண்டைத் தலைகீழாகப் புனல்போல உள்ளே செருகுங்கள். பாட்டிலின் அடி மேடுபள்ளமாக இருக்கும். கூழாங்கல் போட்டு, பக்கங்கள் நேராகும் இடம்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் கோடு போடுங்கள். அதுதான் பூஜ்யம். அங்கிருந்து மேலே ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை ஒட்டுங்கள். ஒவ்வொரு முறை கொட்டிய பிறகும் மறுபடி பூஜ்யக் கோடுவரை ஊற்றவேண்டும். இதை மறந்தால் அன்றைய கணக்கு முழுக்கத் தப்பு.

வைக்கும் இடம்தான் பலரும் சறுக்கும் இடம். சுவரோ மரமோ எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்கு தூரம் தள்ளி வையுங்கள், 3 மீட்டர் சுவர் என்றால் 6 மீட்டர். தரையில் பட்டுத் தெறிக்கும் நீர் விழாமலிருக்கத் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில், செங்கற்களுக்கு நடுவே ஆடாமல் இருக்கட்டும்.

தினமும் காலை 8.30-க்கு அளங்கள். வானிலைத் துறையின் மழை நாள் காலை 8.30-இலிருந்து மறுநாள் 8.30 வரை. டிசம்பர் 1 என்று போட்டிருக்கும் அளவு, நவம்பர் 30 காலையிலிருந்து பெய்தது. உங்கள் அளவும் செய்தி அளவும் ஒத்துவராததற்குப் பாதிக் காரணம் இந்தத் தேதிக் குழப்பமாகவே இருக்கும். மீதிக் காரணம் நிஜமானது: லாஸ்பேட்டையில் கொட்டும்போது அரியாங்குப்பத்தில் தூறல்கூட இல்லாமல் இருக்கலாம்.

அளந்த எண்ணை வைத்து என்ன செய்வது? 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. எட்டினால் கனமழை, 115.6-க்கு மேல் மிகக் கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதிகனமழை. 1 மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர். 600 சதுர அடி மொட்டை மாடியில் 10 செ.மீ. பெய்தால் சுமார் 5,570 லிட்டர் இறங்குகிறது. அது குழாய் வழியாக எந்தத் தெருவுக்குப் போகிறது என்று பாருங்கள், உங்கள் தெருவில் தண்ணீர் நிற்பது பற்றி எழுத நிறையக் கிடைக்கும்.

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரே மழை நாளில் புதுச்சேரியில் சுமார் 48 செ.மீ. பதிவானது. பாட்டில் மழைமானி அதைத் தாங்காது, அதில் பாதி அளவு வரும் முன்பே வழிந்துவிடும். மழை வலுத்தால் சில மணிக்கு ஒருமுறை அளந்து, எழுதி, கொட்டவேண்டும். இடி மின்னலோ பலத்த காற்றோ இருந்தால் அளவு போனால் போகட்டும், வெளியே போகாதீர்கள்.

கடலூர்ப் பக்கத்து மாணவர்களுக்கு இன்னொரு வரி. நம் வீட்டு மழையை மட்டும் அளந்தால் போதாது. அதே புயலின் மிச்சம் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 செ.மீ. அளவுக்குக் கொட்டி, தென்பெண்ணையின் குறுக்கே உள்ள சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2-ஆம் தேதி விநாடிக்கு 1,68,000 கன அடி திறக்கப்பட்டது. ஒரு கன அடி 28.3 லிட்டர், அப்படியென்றால் விநாடிக்கு ஏறத்தாழ 47.5 லட்சம் லிட்டர். தென்பெண்ணைக் கரையில் இருந்தவர்களுக்கு வெள்ளம் வந்தது மேலே பெய்த மழையால். ஆற்றோரம் இருப்பவர்கள் மழை நாட்களில் சாத்தனூர் நீர்வெளியேற்றத்தையும் நோட்டில் ஒரு பத்தியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

'பணவீக்கம் குறைந்தது' என்று செய்தி வந்த அன்றைக்கே அம்மா மளிகை விலை ஏறிவிட்டது என்கிறார். யார் சொல்வது சரி?
பிளஸ் டூ மாணவி, நெல்லிக்குப்பம்

இருவர் சொல்வதும் சரி. 100 ரூபாய்க்கு வாங்கியது ஒரு வருடத்தில் 106 ஆனால் பணவீக்கம் 6 சதவீதம். அடுத்த வருடம் அது 108 ரூபாய் 12 காசு ஆனால் பணவீக்கம் 2 சதவீதம்தான். செய்தியில் 'குறைந்தது', கடையில் ஏற்றம். இரண்டும் ஒரே கணக்கு. அதோடு, அரசுக் கணக்கில் வாடகை, துணி, போக்குவரத்து எல்லாம் சேரும். அம்மா கையாள்வது பெரும்பாலும் சாப்பாட்டுச் செலவு. அரிசி, துவரம்பருப்பு, கடலை எண்ணெய், தக்காளி, பால் ஐந்தின் விலையை மாதா மாதம் அதே தேதியில், அதே கடையில், அதே ரகத்துக்கு எழுதிவாருங்கள். ரகம் மாறினால் ஒப்பிட முடியாது.

போர், விபத்துச் செய்திகளைப் பார்த்துவிட்டுப் படுத்தால் தூக்கம் வருவதில்லை. பார்க்காமல் இருந்தால் அக்கறை இல்லாதவளாகிவிடுவேனோ என்று இருக்கிறது.
மாணவி, உழவர்கரை

பார்க்கும் நேரத்தைக் குறைப்பதால் அக்கறை குறைந்துவிடாது. மாலையில் இருபது நிமிடம் என்று வைத்துக்கொண்டு, வீடியோவுக்குப் பதில் எழுத்தில் படியுங்கள். தானாக அடுத்த வீடியோ ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள், பெரும்பாலும் அதுதான் நேரத்தை இழுக்கிறது. படுக்கையில் போன் வேண்டாம். ஒரு நிகழ்வைத் தேர்ந்து, அந்த நாடு வரைபடத்தில் எங்கே, சண்டை எதனால், இங்கே எதன் விலை மாறியது என்று வாரம் ஒரு பக்கம் எழுதுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் இரண்டு வாரம் தூக்கம் கெட்டால், வீட்டில் சொல்லுங்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் இலவசமாக, எந்த நேரமும், தமிழிலேயே பேசலாம். கூப்பிடத் தயங்கவேண்டாம்.

17 வயது முடிந்துவிட்டது. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க 18 வரை காத்திருக்க வேண்டுமா? ஹாஸ்டலில் இருக்கிறேன்.
கல்லூரி மாணவன், சிதம்பரம்

முன்கூட்டியே படிவம் 6 கொடுக்கலாம். ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 இவற்றில் எந்தத் தேதிக்குள் 18 நிறைகிறதோ அப்போது பெயர் சேரும். சொந்த ஊர் முகவரியோ ஹாஸ்டல் முகவரியோ ஏதாவது ஒன்றைக் கொடுங்கள். இரண்டிலும் சேர்க்கச் சட்டம் இடம் தராது.

தொழிற்பேட்டைக்குப் பக்கத்து ஊர். சில ராத்திரி நாற்றம் தாங்காது. போனில் பார்த்தால் காற்றின் தரம் 'நன்று' என்கிறது. புகார் சொன்னால் 'ஆதாரம் என்ன' என்று கேட்கிறார்கள்.
பிளஸ் ஒன் மாணவன், கடலூர் வட்டம்

நம் நாட்டுக் காற்றுத் தரக் குறியீட்டில் கணக்கிடப்படுபவை நுண்துகள் இரண்டு வகை, நைட்ரஜன் டை ஆக்சைடு, சல்ஃபர் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன், அம்மோனியா, ஈயம். அழுகிய முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அதில் இல்லை. அது காற்றில் மிக மிகக் குறைவாக இருக்கும்போதே மூக்குக்குத் தெரிந்துவிடும். ஆகவே போன் 'நன்று' என்பதால் நீங்கள் முகர்ந்தது பொய் ஆகாது. மேலும் பல செயலிகள் தொலைவில் உள்ள நிலையத்தின் அளவைத்தான் காட்டுகின்றன.

ஆதாரத்தை நீங்களே உருவாக்கலாம், அதற்குப் பொறுமையான பதிவு வேண்டும். நாற்றம் தொடங்கிய நேரம், அடங்கிய நேரம், நின்ற இடம், காற்று எங்கிருந்து வந்தது, எந்த மாதிரி நாற்றம் (அழுகிய முட்டை, அழுகிய முட்டைக்கோஸ், பிளீச்சிங் பவுடர், நகப்பாலிஷ், மூத்திர நெடி), 0 முதல் 5 வரை எவ்வளவு கடுமை, கண் எரிச்சலோ இருமலோ வந்ததா. ஊதுபத்திப் புகை சாயும் பக்கத்தைப் பார்த்தால் காற்றின் திசை தெரியும், ஆனால் புகையை முகர்ந்துவிட்டு நாற்றத்தை மதிப்பிடக்கூடாது. முதலில் நாற்றத்தை எழுதுங்கள், பிறகு ஊதுபத்தி. மூக்கு சில நிமிடத்தில் பழகிவிடும். அதனால் வீட்டுக்குள்ளிருந்து வெளியே வந்த உடனே எழுதவேண்டும். பக்கத்து வீட்டாரிடம் 'முட்டை நாற்றம் வருகிறதா' என்று கேட்காதீர்கள், 'ஏதாவது வாசனை வருகிறதா' என்று கேளுங்கள். நாம் பெயர் சொல்லிக் கேட்டால் அவர்கள் அதையே சொல்லிவிடுவார்கள். நாற்றம் இல்லாத ராத்திரியையும் '0' என்று எழுதுங்கள். அந்தப் பூஜ்யங்கள்தான் மற்ற எண்களை நம்பவைக்கும்.

பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்தும் ராத்திரியில் நிலக்காற்று மேற்கிலிருந்தும் வீசும் ஊர் இது. ராத்திரி மட்டும் நாற்றம் வருகிறதென்றால் எந்தத் திசையில் தேடவேண்டும் என்பது உங்கள் அட்டவணையிலேயே தெரிந்துவிடும். எந்த ஆலை என்று நீங்கள் பெயர் எழுதவேண்டாம். திசையும் நேரமும் எழுதினால் போதும். ஆலையைக் கண்டுபிடிப்பது மாதிரி எடுத்துச் சோதிக்கும் அதிகாரம் உள்ளவர்கள் வேலை. தவறான பெயர் எழுதினால் முழு மனுவும் தள்ளுபடியாகலாம்.

ஒரு மாதப் பதிவை நகலெடுத்து, பெரியவர்கள் கையெழுத்தோடு, தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு ஒன்று, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியருக்கு ஒன்று கொடுக்கச் சொல்லுங்கள். நாற்றம் அதிகம் வரும் கிழமையையும் மணியையும் முதல் பத்தியிலேயே எழுதுங்கள், ஆய்வுக்கு வருபவர் பகல் பதினொரு மணிக்கு வந்து ஒன்றுமில்லை என்று போய்விடக்கூடாது. ஒப்புகைச் சீட்டு எண்ணை வாங்காமல் வராதீர்கள். பதில் வராவிட்டால், உங்கள் மனு மீது எடுத்த நடவடிக்கை என்ன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தரவேண்டும். அந்த விண்ணப்பத்தில் மேற்கோள் காட்டவேண்டியது அந்த ஒப்புகை எண்ணைத்தான்.